கோட்டை வாசலுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவினருக்கும், கோடைச் சுற்றுலாவை ஏற்பாடு செய்யும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நிலை 3 பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியராக இருக்கிறேன். என் மகளும் அதே வகுப்புதான். இந்த மடலை எங்கள் பள்ளிக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் கோடை வந்துவிட்டால் மான்செஸ்டர், லிவர்பூல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கோச் பிடித்து வடக்கு வேல்ஸுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. கோட்டையைப் பார்க்கும் விதமும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

போன கோடையில் நாங்கள் கார்னார்வன் கோட்டைக்குப் போனோம். டிக்கெட் வாங்கி, தலை எண்ணி, ராஜா வாசல் என்று அழைக்கப்படும் பெரிய வாசல் வழியாக நுழைந்து, எல்லோரும் உள்ளே புல்வெளியில் போய் நிற்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வரிசையின் கடைசியில் நின்று பிள்ளைகளை விரட்டியவன் நான்தான். "பின்னால ஆள் வர்றாங்க, நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பையன் மட்டும் நின்றுவிட்டான். வாசல் நடையின் பக்கச் சுவரில், தரையிலிருந்து மேலே இருட்டுவரை, நேர்க்கோடாக ஒரு பள்ளம் போகிறது. தச்சர்கள் காடி என்பார்களே, அதுபோலக் கல்லில் வெட்டிய காடி. அதற்குள் விரல்களை விட்டு, மேலே பார்த்தபடி, "இது எதுக்கு சார்?" என்று கேட்டான்.

"அப்புறம் சொல்றேன், வா" என்றேன்.

அப்புறம் சொல்லவில்லை. புளியோதரைப் பொட்டலம், கழிவறை வரிசை, கோபுரப் படி, புகைப்படம், நாலு மணிக்குக் கோச். திரும்பும் வழியில் அந்தப் பையன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தக் கோட்டையில் கேட்கவேண்டிய ஒரே கேள்வியை ஒன்பது வயதுப் பிள்ளை கேட்டிருக்கிறான், நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அதன் பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கார்னார்வனுக்கும் ஹார்லெக்குக்கும் கான்விக்கும் தனியாகப் போய்வந்தேன். போய் வந்ததில் எனக்கு உறுதியானது ஒன்றுதான். இந்தக் கோட்டைகளில் பார்க்கவேண்டிய இடம் வாசல். கட்டியவர்கள் தங்கள் அறிவை எல்லாம் கொட்டிய இடம் அதுதான். நாம் அதை டிக்கெட் கிழிக்கிற இடமாக வைத்திருக்கிறோம்.

கோட்டை என்றால் சுவர். சுவரில் ஓட்டை போட்டால் அது வாசல். அரிசி வண்டி உள்ளே வரவேண்டும், குதிரை போகவேண்டும், தண்ணீர் தூக்குகிறவர் வரவேண்டும். அந்த ஓட்டை இல்லாமல் கோட்டைக்குள் யாரும் வாழமுடியாது. எதிரிக்கும் அது தெரியும். அதனால் வருகிற எந்தப் படைக்கும் முதல் குறி வாசல்தான். மரக்கதவு எரியும், உடையும். 13-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் கட்டுநர்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு, வாசலை மெலிதான இடமாக விட்டுவைக்காமல் கோட்டையிலேயே வலுவான இடமாக மாற்றிவிடுவது. இரண்டு பெரிய கோபுரங்களை நெருக்கமாக எழுப்பி, நடுவில் ஒரு நீண்ட, இடுக்கான நடையை மட்டும் விட்டார்கள். வாசல் என்பது ஒரு கதவாக இல்லாமல் ஒரு குகைப் பாதையாக ஆனது. சினிமாவில் யானையோ மரத்தூணோ இடித்ததும் கதவு விழும், படை உள்ளே பாயும். பிள்ளைகள் மனதில் இருப்பது அந்தப் படம்தான். இங்கே கதவு விழுந்தபிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது.

கார்னார்வனில் முதலில் உள்ளே போகாதீர்கள். தெருவுக்கு எதிர்ப்புறம் பிள்ளைகளை நிறுத்துங்கள். வாசலின் இருபுறமும் பல பட்டை வைத்துக் கட்டிய கோபுரங்கள். நேர்ச் சதுரமாகக் கட்டினால் மூலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனை மேலிருந்து பார்க்கமுடியாது. பட்டை வைத்தோ வளைத்தோ கட்டினால் ஒளிந்துகொள்ள மூலை கிடைக்காது. ஒரு கோபுரத்துக்காரர் அடுத்த கோபுரத்தின் அடியைப் பார்த்துக்கொள்கிறார். சுவரில் கோடு கோடாகத் தெரிவதெல்லாம் அம்புத் துளைகள். வெளியிலிருந்து பார்த்தால் விரற்கடை அகலம்தான். அதே துளைக்கு உள்ளே போய் நின்றால், ஒரு ஆள் வில்லோடு இப்படியும் அப்படியும் திரும்பும் அளவுக்குச் சுவர் அகன்று கிடக்கும். என் மகள் வெளியில் நின்று எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தி, "அப்பா, இது எல்லாத்துலயும் ஆள் நின்னா நாம எங்க நிக்கிறது?" என்றாள். வாசலைக் கட்டியவரின் எண்ணமும் அதுதான்.

வாசலுக்கு மேலே ஒரு மாடத்தில் மழையில் கரைந்துபோன ஒரு சிலை உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்ட். 1284-இல் இதே ஊரில் பிறந்தவர். சிலையை வைத்தது 1320 வாக்கில். முகம் தெரியவில்லை என்பதால் பிள்ளைகள் அதிகம் நிற்கமாட்டார்கள், நிற்கவும் வேண்டாம்.

இப்போது உள்ளே. அந்தக் காடி.

காடியில் மேலும் கீழும் ஓடியது ஒரு கனத்த சட்டம். கருவாலி மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இரும்புத் தகடு அடித்து, அடியில் கூரிய பற்கள் வைத்தது. ஆங்கிலத்தில் போர்ட்கல்லிஸ். மேல்தள அறையில் ஒரு உருளையைச் சுற்றி அதைத் தூக்கிவைப்பார்கள். தூக்கத்தான் ஆள் வேண்டும். இறக்க, பிடித்திருப்பதை விட்டால் போதும், தன் எடையிலேயே விழும். வெறும் கதவை மூட ஆட்கள் கீழே நிற்கவேண்டும், எதிரி காலை வைத்துவிட்டால் மூடமுடியாது. இதற்கு அந்தத் தொல்லை இல்லை. மேலே இருப்பவர் ஒருவரே தீர்மானித்துவிடலாம்.

இந்தச் சட்டத்துக்குத் தமிழில் என்ன சொல்வது என்று வகுப்புக்காகத் தேடினேன். தொங்குகதவு, இறக்குகதவு என்று நானே சில சொற்களை எழுதிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு சிலப்பதிகாரத்தில், கண்ணகி மதுரைக் கோட்டைக்குள் நுழையும் பகுதியில், கோட்டையின் காவல் பொறிகளை வரிசையாகச் சொல்லும் இடத்தைத் திறந்தேன். கல்லுமிழ் கவண் இருக்கிறது, கல்லிடு கூடை இருக்கிறது, கொதிக்கும் எண்ணெய் இருக்கிறது. அந்த வரிசையின் பிற்பகுதியில் "எழுவும் சீப்பும்" என்று வருகிறது. எழு என்றால் வாசலைக் குறுக்கே அடைக்கும் கணையமரம். சீப்பு என்றால், கதவுக்கு வலுவாக உள்வாயிற்படியில் நிலத்தில் விழவிடும் மரங்கள். படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மதுரையில் இருந்ததும் வேல்ஸில் இருந்ததும் ஒரே பொருள் என்று நான் சொல்லவரவில்லை. வடிவம் வேறாக இருந்திருக்கலாம். ஆனால் வாசலில் விழவிட்டு வழியை அடைக்கும் மரத்துக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. பல்லும் பல்லுமாக இருக்கும் இந்தச் சட்டத்துக்கு அது அப்படிப் பொருந்துகிறது. தலை வாரும் சீப்பைத் தெரிந்த பிள்ளைக்கு ஒரே மூச்சில் புரிந்துவிடும். இனி இந்த மடலில் சீப்பு என்றே எழுதுகிறேன்.

ராஜா வாசலுக்குப் போட்ட திட்டத்தில் ஒரு சீப்பு இல்லை, ஆறு. கதவுகள் ஐந்து. வெளியே தூக்குப்பாலம். நடையின் கடைசியில் நேராக உள்ளே போகவிடாமல் வலப்பக்கம் திருப்பிவிட ஒரு செங்கோணத் திருப்பம். எதற்கு இத்தனை? நாம் ஒரு பூட்டுப் பத்தாது என்று ஆறு பூட்டுப் போடுவதுபோல இல்லை இது. முன்னால் ஒரு சீப்பு, பின்னால் ஒரு சீப்பு என்று இரண்டையும் விழவிட்டால், நடுவில் இருப்பவன் கூண்டில் இருக்கிறான். முன்னே போகவும் முடியாது, ஓடவும் முடியாது. அவனுக்கு இருபுறமும் அம்புத் துளை. தலைக்கு மேலே, கூரையில், சதுரமாக ஓட்டைகள். இந்த ஓட்டைகளை இன்றும் பார்க்கலாம். காடியில் கை வைத்தபடி கழுத்தை நிமிர்த்தினால் தெரியும். நான் பிள்ளைகளை விரட்டிய அதே இடம்.

அந்த மேல் ஓட்டைகளுக்கு ஆங்கிலத்தில் கொலைத்துளை என்று பெயர். கொதிக்கும் எண்ணெயை இங்கிருந்து ஊற்றினார்கள் என்று சுற்றுலாக்காரர்கள் பலர் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டேன். எண்ணெய் அந்தக் காலத்தில் அந்த நாட்டில் விலையான பொருள், வாளி வாளியாக ஊற்றும் அளவுக்கு அதை யாரும் சேர்த்துவைத்திருக்க மாட்டார்கள். கல்லைப் போடலாம், அம்பு விடலாம், ஈட்டியால் குத்தலாம். அதைவிட எளிய வேலை ஒன்று இருக்கிறது, தண்ணீர் ஊற்றுவது. எதிரி செய்யும் முதல் காரியம் மரக்கதவுக்குத் தீ வைப்பது. தீயை அணைக்க மேலே ஒரு ஓட்டையும் ஒரு குடம் தண்ணீரும் போதும். பிள்ளைகளுக்கு எண்ணெய்க் கதைதான் பிடிக்கும், தெரியும். ஆனால் கதவு மரத்தாலானது, மரம் எரியும், அதற்கு மேலே தண்ணீர் வைத்திருந்தார்கள் என்று அவர்களே யோசித்துக் கண்டுபிடிக்கும்போது கண்ணில் வரும் வெளிச்சம் வேறு.

அப்புறம் கதவு நிலைக்குப் பின்னால் சுவரில் தெரியும் ஆழமான துளையைக் காட்டுங்கள். கதவை மூடியதும் ஒரு பெரிய கட்டையை அதிலிருந்து உருவி எதிர்ச்சுவரில் செருகுவார்கள். எழு என்ற சொல்லை அங்கே நின்று சொல்லிக்கொடுங்கள். பாடநூலில் ஒரு மாதம் சொல்லியும் நிற்காத சொல் அங்கே நிற்கும்.

இந்த வாசல் முழுதாகக் கட்டப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். உள்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், சுவர் தொடருவதற்காக விட்ட கற்கள் பல் நீட்டியபடி அப்படியே நிற்கின்றன. ஆறு சீப்பும் திருப்பமும் பெருமளவு காகிதத்திலேயே நின்றுவிட்டன. 1330-இல் வேலை நின்றது. அதற்குள் கோட்டைக்கும் ஊர்ச் சுவருக்கும் இருபதாயிரம் பவுனுக்கு மேல் போயிருந்தது.

ஏன் இந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு வெறி என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. முதலாம் எட்வர்ட் 1283-இல் வேல்ஸை அடக்கியதும் கட்டத் தொடங்கிய கோட்டை இது. ஊரைப் பார்த்த பக்கம் அப்போது முழுதாக எழவில்லை, முன்னால் ஊர்ச் சுவர் இருக்கிறதே என்ற தைரியம். 1294-இல் மாடோக் ஆப் லுவெலின் தலைமையில் வெல்ஷ் மக்கள் கிளர்ந்தார்கள். ஊர்ச் சுவரை ஏறித் தாண்டி, ஊரையும் கோட்டையையும் பிடித்து எரித்தார்கள். அடுத்த ஆண்டு அரசன் மீட்டதும், முதல் வேலையாக ஊர்ச் சுவரைச் சரிசெய்தார்கள், பிறகு ஊரைப் பார்த்த பக்கத்தை எழுப்பினார்கள். ராஜா வாசல் அந்த அடியிலிருந்து பிறந்தது. அதன் பலன் நூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1403-லும் 1404-லும் வெல்ஷ் கிளர்ச்சித் தலைவர் ஒவைன் கிளிண்டூரின் படை முற்றுகையிட்டபோது உள்ளே காவலுக்கு இருந்தவர்கள் சுமார் முப்பது பேர்தான். கோட்டை விழவில்லை. முப்பது பேர் என்றால் நம் ஒரு கோச்சில் போகிறவர்களைவிடக் குறைவு. பிள்ளைகளை நடையில் நிறுத்தி, "நீங்கதான் காவல், யார் எங்க நிப்பீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். அரை மணி நேரம் போவது தெரியாது.

நேரம் இருந்தால் ஹார்லெக்கையும் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த மூன்று கோட்டைகளில் வாசலைப் படிக்கச் சிறந்த இடம் அதுதான். கார்னார்வனில் பாதி நின்றுபோனது அங்கே முழுதாக நிற்கிறது. கடலைப் பார்த்த செங்குத்தான பாறைமேல் சிறிய கோட்டை. கிழக்குப் பக்கம் மட்டும்தான் ஆள் நடந்து வரமுடியும், அந்தப் பக்கத்தை வாசல் கட்டடம் ஒன்றே அடைத்துக்கொண்டு நிற்கிறது. முன்புறம் வட்டமாக வளைந்த இரட்டைக் கோபுரம். நடையில் மூன்று சீப்பு, குறைந்தது இரண்டு கனத்த கதவு. 1283-இல் தொடங்கி 1289-க்குள் பெரும்பாலும் முடித்துவிட்டார்கள். 2015-இல் ஒரு புதுப் பாலம் போட்டார்கள், அதனால் இப்போது பழையபடி நேராக வாசலுக்கே நடந்துபோகலாம்.

ஆனால் ஹார்லெக்கில் என்னை நிறுத்தியது வாசலின் முன்பக்கம் இல்லை. உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள். முன்னால் அத்தனை முரட்டுத்தனமாக நின்ற கட்டடம், பின்பக்கத்தில் ஒரு நல்ல வீடு. ஒவ்வொரு மாடியிலும் முற்றத்தைப் பார்த்து மூன்று பெரிய சன்னல்கள். உள்ளே கணப்புகள். கோட்டைத் தலைவரும் பெரிய மனிதர்களும் தங்கும் அறைகள் வாசலுக்கு மேலேயே இருந்தன. கோட்டையில் எது கடைசிவரை விழாதோ அதில்தான் முக்கியமானவர் தூங்குவார். முற்றத்தை எதிரி பிடித்துவிட்டாலும் வாசல் கட்டடத்தைத் தனியாக மூடிக்கொண்டு நிற்கமுடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதைக் கட்டும் பொறுப்பில் இருந்தவர் சவாயிலிருந்து வந்த ஜேம்ஸ் என்ற தலைமைக் கொத்தர். 1290 முதல் மூன்று ஆண்டுகள் அவரே ஹார்லெக்கின் தலைவராகவும் இருந்தார். தான் கட்டிய வாசலின் பாதுகாப்பில் தானே இருந்த மனிதர். அந்த சன்னல் பலகையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். கல் இருக்கைகள் சன்னலுக்கு இருபுறமும் இருந்தன. முற்றத்தில் புல், சுவருக்கு மேலே வானம், காற்றில் கடல் வாசம்.

இதே ஜேம்ஸ் எழுதிய ஒரு மடல் கிடைத்திருக்கிறது. 1296 பிப்ரவரியில் போமாரிஸ் கோட்டை வேலையைப் பற்றி, அரசின் கருவூல அதிகாரிகளுக்குத் தன் சக அதிகாரி ஒருவரோடு சேர்ந்து எழுதியது. நானூறு கொத்தர், இரண்டாயிரம் சிற்றாள், இருநூறு கல்லுடைப்போர் என்று கணக்குச் சொல்கிறார். வாரத்துக்கு 250 பவுன் வேண்டும் என்கிறார். நாலு வாசல் கதவுகள் மாட்டியாயிற்று, ஒவ்வொரு இரவும் பூட்டுகிறோம், ஒவ்வொரு வாசலுக்கும் மூன்று சீப்பு வரப்போகிறது என்றும் எழுதுகிறார். கடைசியில், கடவுளுக்காகப் பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்று கெஞ்சுகிறார். பணம் போதுமான அளவு வரவில்லை. போமாரிஸ் கடைசிவரை முடியவே இல்லை. பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்த நம் நிர்வாகக் குழுவினர் யாருக்கும் அந்த மனிதரின் குரல் புரியும்.

கான்வியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். அங்கே கோட்டைக்கு இரட்டைக் கோபுர வாசல் கிடையாது. அதற்குப் பதில் வாசலுக்கு மேலே சுவரைக் கொஞ்சம் வெளியே நீட்டி, நீட்டிய இடத்தின் தரையில் ஓட்டை விட்டிருக்கிறார்கள், கீழே நிற்பவன் தலையில் நேராகக் கல் விழும்படி. பிரிட்டனில் கல்லில் கட்டிய இந்த வகை அமைப்புகளில் எஞ்சியிருப்பவற்றுள் இதுதான் மிகப் பழையது. ஊர்ச் சுவர் 1.3 கிலோமீட்டர், 21 கோபுரம், மூன்று வாசல். சுவரின்மேல் நடந்தால் ஒரு இடத்தில் பன்னிரண்டு கழிப்பிடங்கள் வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள்.

ஆனால் கான்வியில் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதை வேறு. 1401-ஆம் ஆண்டு, புனித வெள்ளி. காவல்படையில் பெரும்பாலோர் ஊருக்குள் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். ரீஸ், குவிலிம் என்ற இரண்டு டியூடர் சகோதரர்களின் ஆட்கள், கோட்டையில் மரவேலை செய்ய வந்த தச்சர்கள் என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். வாசலில் இருந்த இரண்டு காவலர்கள் திறந்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் கொல்லப்பட்டார்கள், கோட்டை கைமாறியது. சில மாதம் மீட்கமுடியவில்லை. பல ஆயிரம் பவுன் செலவழித்துக் கட்டிய வாசலைத் திறக்க ஒரு உளிப்பெட்டி போதுமாக இருந்தது. கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெண், "அந்த ரெண்டு பேரு பேரு என்ன?" என்று கேட்டாள். டியூடர்களின் பெயரைக் கேட்கிறாள் என்று நினைத்துச் சொன்னேன். "இல்ல சார், செத்துப்போன ரெண்டு பேரு" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத் தமிழ்ப் பள்ளிகளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கார்னார்வன் ஊர்ச் சுவருக்கு இரண்டு பெரிய வாசல்கள். கிழக்கு வாசலை வெல்ஷில் போர்த் மௌர் என்கிறார்கள், பெரிய வாசல் என்று பொருள். அதன்மேல் இருந்த அறையில்தான் வடக்கு வேல்ஸின் வரவுசெலவுக் கணக்கு அலுவலகம் நடந்தது. அந்த வாசலுக்கு உள்ளே குடியேற்றப்பட்டவர்கள் ஆங்கிலேயர்கள். வெல்ஷ்க்காரர்கள் சந்தைக்கு வரலாம், வரி கட்ட வரலாம். ஒவைனின் கிளர்ச்சி தொடங்கியதும் 1401, 1402-இல் போட்ட சட்டங்கள் இதை இன்னும் இறுக்கின. அந்த ஊர்களில் வெல்ஷ்க்காரர் நிலம் வாங்கக்கூடாது, பதவிக்கு வரக்கூடாது. சீப்பும் எழுவும் போர்க்காலத்துக்கு. மற்ற நாட்களில் அந்த வாசல் செய்த வேலை, யார் உள்ளே யார் வெளியே என்று பிரிப்பது.

இன்று அந்த வாசலுக்குள் போய் ஒரு ரொட்டிக் கடையில் நில்லுங்கள். கடைக்காரர் வெல்ஷ் பேசுகிறார். காசு கொடுக்க நிற்கும் பாட்டி வெல்ஷ் பேசுகிறார். பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வதும் வெல்ஷில். வேல்ஸிலேயே வெல்ஷ் அதிகம் புழங்கும் ஊர்களில் ஒன்று கார்னார்வன். என் மகள் ஆறு ஆண்டாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருகிறாள். தமிழ் அம்மா அப்பாவோடு பேசுவதற்கு, ஆங்கிலம் வெளியே பேசுவதற்கு என்று அவளுக்குள் ஒரு கணக்கு. அந்தக் கடையில் அவள் வயதுப் பெண் ஒருத்தி ஐஸ்கிரீம் கேட்டதை இவள் கண்கொட்டாமல் பார்த்தாள். வெளியே வந்ததும், "அவ கடையிலேயே அவங்க பாஷை பேசுறா" என்றாள். மற்ற ஆண்டுகளில் நாம் கோட்டைக்குள் புல்வெளியில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டோம். ஊருக்குள் போனதே இல்லை.

சரி, கேட்கவந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஒரு நாளில் இரண்டு கோட்டை என்று போடாதீர்கள். ஒன்றே போதும். போய் இறங்கியதும் நேராக டிக்கெட் வரிசைக்கு ஓடாமல், வாசலுக்கு வெளியே பிள்ளைகளை உட்காரவைத்துப் பென்சிலும் தாளும் கொடுத்து, இந்த வாசலை எப்படிப் பிடிப்பாய் என்று வரையச் சொல்லுங்கள். வரைந்துவிட்டு உள்ளே போனால் நடையில் ஒவ்வொரு ஓட்டையும் அவர்களுக்குப் பதில் சொல்லும். நடையில் கூட்டம் சேர்ந்தால் மற்ற பார்வையாளர்களுக்கு இடைஞ்சல், அதனால் பத்துப் பத்துப் பேராகப் பிரித்துப் போவது நல்லது. காலை திறந்ததும் போய்விட்டால் நடை காலியாக இருக்கும். குழுவாக வருகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் படி ஏறமுடியாது என்று கீழேயே உட்கார்ந்துவிடுவார்கள். ராஜா வாசலில் இப்போது லிஃப்ட் இருக்கிறது, மேலே தளமும் போட்டிருக்கிறார்கள். பாட்டிகளையும் ஏற்றிவிடலாம்.

போவதற்கு முந்தின சனிக்கிழமை ஒரு வகுப்பை இதற்கு விடுங்கள். அகழி, ஞாயில், எழு, சீப்பு, கவண். ஐந்து சொல் போதும். ஞாயில் என்றால் மதிலின் உச்சியில் பல்போல் ஏறி இறங்கும் பகுதி, பின்னால் நின்று அம்பு விடுவதற்கு. அட்டைப்பெட்டியில் ஒரு வாசல் செய்து, இரண்டு பக்கமும் காடி வெட்டி, பழைய சீப்பு ஒன்றை நூலில் கட்டி ஏற்றி இறக்கச் சொன்னால் நிலை 1 பிள்ளைகூடச் செய்துவிடும். எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். நூலை வெட்டியதும் சீப்பு விழுந்த சத்தத்துக்கு என் மகள் பத்து முறை மறுபடி கட்டினாள்.

செலவு ஒன்றும் அதிகமாகாது. கோச் அதே கோச், டிக்கெட் அதே டிக்கெட். நேரத்தை மட்டும் இடம் மாற்றிவைக்கவேண்டும். எந்தப் பள்ளி கேட்டாலும் சனிக்கிழமை வகுப்பு முடிந்தபிறகு வந்து அட்டைப்பெட்டி வாசலைச் செய்துகாட்டத் தயாராக இருக்கிறேன். வரைபடங்களையும் சொற்பட்டியலையும் தருகிறேன்.

எங்கள் பள்ளி இந்த ஆண்டும் கார்னார்வனுக்குத்தான் போகிறது. அந்தப் பையன் இப்போது நிலை 4. இந்த முறை அவனை நடையின் முதல் காடியருகே நிறுத்தி, போன ஆண்டு அப்புறம் சொல்கிறேன் என்றதை முதலில் சொல்லப்போகிறேன். பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு பெற்றோர், சனிக்கிழமை வகுப்பின் உதவி ஆசிரியர்